ரோமர் 9–11 பாடம்: சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடித்துவிட்டதா?

ஞாயிறுவகுப்பு எழுதியது:

பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பு, நான்கு வாரம், வாரம் 45 நிமிடம். பகுதி ரோமர் 9–11. வருகிறவர்களில் சி.எஸ்.ஐ., பிரதரன் சபை, பெந்தெகொஸ்தே என்று மூன்று பின்னணியும் உண்டு. கையில் இரண்டு குறிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, "இஸ்ரவேலின் காலம் முடிந்தது, வாக்குத்தத்தம் எல்லாம் இனி சபைக்கு" என்கிறது. இன்னொன்று, "சபை ஓர் இடைச்செருகல்தான், சபை பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதும் தேவனுடைய கடிகாரம் இஸ்ரவேலுக்காக மறுபடி ஓடும்" என்கிறது.

கேள்விகள் மூன்று. தேவனுக்கு ஜனம் ஒன்றா, இரண்டா? 11:26-ல் "இஸ்ரவேலரெல்லாரும்" என்றால் யார்? ஆபிரகாமுக்குக் கொடுத்த கானான் தேசத்தைப் பற்றிய வாக்கு இப்போது என்ன ஆயிற்று? கோஷம் வேண்டாம், வசனத்தோடு சொல்லுங்கள்.

---

பெரோயா வாசகன் எழுதியது:

முதலில் எந்த வாக்குத்தத்தம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்த விவாதம் பாதி இடங்களில் குழம்புவது இதைச் செய்யாததால்தான். ஆபிரகாமோடு உடன்படிக்கை (ஆதியாகமம் 12, 15, 17), சீனாயில் உடன்படிக்கை (யாத்திராகமம் 19–24), தாவீதோடு (2 சாமுவேல் 7), எரேமியா 31:31-ல் சொல்லப்படும் புதிய உடன்படிக்கை. நான்கும் ஒரே பத்திரம் இல்லை. எபிரெயர் 8:13 "பழமையாக்கினார்" என்று சொல்வது சீனாய் உடன்படிக்கையை. ஆபிரகாமுக்குக் கொடுத்ததை அந்த வசனம் தொடவே இல்லை. கலாத்தியர் 3:17 இதை இன்னும் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது: 430 வருஷத்துக்குப்பின் வந்த நியாயப்பிரமாணம் முன்னே உறுதிப்பட்ட உடன்படிக்கையைத் தள்ளாது.

ஆதியாகமம் 15-ஐ வகுப்பில் நிதானமாக வாசியுங்கள். மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. மிருகங்களை நடுவாகத் துண்டித்து எதிரெதிரே வைக்கிறான், பறவைகளைத் துண்டிக்கவில்லை. பிணங்களின்மேல் வந்து இறங்கும் பட்சிகளை ஆபிராம் துரத்துகிறான். பிறகு அயர்ந்த நித்திரை. துண்டங்களின் நடுவே கடந்துபோவது புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டுமே; ஆபிராம் கடக்கவில்லை. உடன்படிக்கையை மீறினால் இந்தத் துண்டங்களின் கதி எனக்கு ஆகட்டும் என்பது அந்தச் சடங்கின் பொருள். எரேமியா 34:18-20-ஐப் பக்கத்தில் வைத்தால் விளங்கும். அந்தப் பொறுப்பைத் தேவன் ஒருவரே ஏற்கிறார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆதியாகமம் 17:14: விருத்தசேதனம் இல்லாதவன் தன் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான். உடன்படிக்கை நிற்கும், ஆள் அறுப்புண்டு போகலாம். ரோமர் 11-ன் ஒலிவ மர உவமையில் வேர் நிற்கிறது, கிளைகள் சில முறிகின்றன என்று பவுல் சொல்வதற்கு அடித்தளம் இதுவே.

---

ஏழாம் எக்காளம் எழுதியது:

இடைச்செருகல் என்ற கருத்தைக் கேலி செய்யுமுன் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஜான் நெல்சன் டார்பி (1800–1882) ஒழுங்குபடுத்தியது. 1909-ல் வெளிவந்து 1917-ல் திருத்தப்பட்ட ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் பரப்பியது. ஆந்தணி நாரிஸ் குரோவ்ஸ், ஜான் அருளப்பன் காலத்திலிருந்தே பிரதரன் இயக்கம் திருநெல்வேலிப் பக்கம் இருப்பதால் நம்மவர்களுக்கும் இது அந்நியமில்லை.

வாதம் இதுதான். தானியேல் 9:24-27-ல் எழுபது வாரம். 7 + 62 = 69 வாரம், வாரத்துக்கு ஏழு வருஷம் வைத்தால் 483 வருஷம், அது மேசியா வரைக்கும். எழுபதாவது வாரம் பாக்கி. நடுவில் இருப்பது சபையின் காலம். எபேசியர் 3:5-6 சொல்வதுபோல் முற்காலத்தில் அறிவிக்கப்படாத இரகசியம். எரேமியா 31:35-37-ல் சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் ஒழுங்காக இருக்கும்வரை இஸ்ரவேல் சந்ததி ஒரு ஜாதியாய் இராமல் அற்றுப்போவதில்லை என்கிறார் கர்த்தர். அப்போஸ்தலர் 1:6-ல் சீஷர்கள் "இஸ்ரவேலுக்கு ராஜ்யத்தைத் திரும்பக் கொடுப்பீரோ" என்று கேட்கும்போது, அப்படி ஒரு ராஜ்யமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. காலத்தை அறிவது உங்கள் வேலையில்லை என்றுதான் சொன்னார்.

ஆனால் ஞாயிறுவகுப்பு ஐயா, உங்கள் கையில் இருக்கும் குறிப்பு பழைய வடிவம். 1993 வாக்கில் டாரல் பாக், கிரெய்க் பிளேய்சிங் போன்றவர்கள் அதைத் திருத்திவிட்டார்கள். புதிய உடன்படிக்கையில் சபை இப்போதே பங்குபெற்றிருக்கிறது, இடைச்செருகல் அல்ல. இஸ்ரவேல் ஜாதிக்கு வருங்காலமும் உண்டு என்பது அவர்கள் நிலை. "கடிகாரம் நின்றது" என்ற உவமையை வகுப்பில் தவிர்த்துவிடுங்கள். ஒரு பின்குறிப்பு: 483 வருஷத்தை 360 நாள் வருஷமாக்கி 1,73,880 நாள் என்று கணக்குப் போடுவார்கள். எருசலேமைத் திரும்பக் கட்டச் சொன்ன எந்தக் கட்டளையிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதிலேயே எங்கள் ஆட்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. அந்தக் கூட்டல் கழித்தலில் இறங்கினால் 45 நிமிடமும் போய்விடும்.

---

ஒலிவவேர் எழுதியது:

எக்காளம் பிரதர் நேர்மையாக எழுதியிருக்கிறார். ஆனால் எபேசியர் 3:6-ஐ முழுக்க வாசியுங்கள். இரகசியம் என்னவென்றால் புறஜாதியார் உடன் சுதந்தரரும் ஒரே சரீரத்துக்குள்ளானவர்களும் என்பது. தனி ஜனம் என்பதற்கு நேர் எதிரானது அது. எபேசியர் 2:12-ல் "இஸ்ரவேலுடைய காணியாட்சிக்குப் புறம்பானவர்கள்", 2:14-ல் நடுச்சுவர் தகர்ந்தது, 2:19-ல் "பரிசுத்தவான்களோடே ஒரே நகரத்தார்". தகர்ந்த சுவரை மறுபடி கட்டினால்தான் இரண்டு ஜனம் என்ற கணக்கு வரும்.

யாத்திராகமம் 19:5-6-ல் இஸ்ரவேலுக்குச் சொன்ன பட்டங்களை 1 பேதுரு 2:9 சபைக்குச் சொல்கிறது. ஆமோஸ் 9:11-12-ல் விழுந்துபோன தாவீதின் கூடாரத்தைப் பற்றிச் சொன்னதை யாக்கோபு அப்போஸ்தலர் 15-ல் புறஜாதியார் உள்ளே வருவதற்கு ஆதாரமாக்குகிறார். எரேமியா 31-ஐ எபிரெயர் 8 அப்படியே எடுத்து எழுதுகிறது. புதிய ஏற்பாட்டில் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்த மேற்கோள்களில் மிக நீளமானது அதுதான். "இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும்" என்று தொடங்கும் அந்த உடன்படிக்கையின் பாத்திரத்திலிருந்துதான் நாம் நற்கருணையில் குடிக்கிறோம் (லூக்கா 22:20).

அதேசமயம் "இஸ்ரவேலை எடுத்துவிட்டு சபையை வைத்தார்" என்பதையும் நான் ஏற்கவில்லை. பவுல் மரத்தை வெட்டி இன்னொரு மரம் நடவில்லை. உடன்படிக்கை இறையியல் (தேவனுக்கு எக்காலத்திலும் ஒரே ஜனம் என்ற சீர்திருத்த மரபின் போதனை) என்றாலே யூதருக்கு வருங்காலம் இல்லை என்று ஆகிவிடும் என்று பிரதரன் சபையில் சிலர் நினைக்கிறார்கள், அது தப்பு. சீர்திருத்த சபைகளின் போதனை நூலான வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையின் 191ஆம் கேள்வியைப் பாருங்கள்: "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று ஜெபிக்கும்போது யூதர் அழைக்கப்படவும் புறஜாதியாரின் நிறைவு உள்ளே வரவும் ஜெபிக்கிறோம் என்று அது எழுதி வைத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு ஆவணம் அது. டார்பி பிறக்கவே இல்லை.

---

சீகேம் எழுதியது:

கலாத்தியர் 6:16-ல் "தேவனுடைய இஸ்ரவேலர்" என்றிருக்கிறதே? அது சபையா?

---

பெரோயா வாசகன் எழுதியது:

அதை வைத்து எதையும் கட்ட வேண்டாம். "அவர்கள்மேலும், தேவனுடைய இஸ்ரவேலர்மேலும்" என்பதில் இரண்டாவது கூட்டம் வேறு என்றால் யூத விசுவாசிகள். முதல் கூட்டத்துக்கே இன்னொரு பெயர் என்றால் சபை. கிரேக்க இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. "விருத்தசேதனமும் விருத்தசேதனமில்லாமையும் ஒன்றுமில்லை" என்று முந்தின வசனத்தில் சொல்லிவிட்டு உடனே இரண்டாகப் பிரிப்பாரா என்பது ஒரு பக்கத்து வாதம். பவுல் வேறெங்கும் சபையை இப்படி நேரடியாக இஸ்ரவேல் என்று அழைத்ததில்லை என்பது மறுபக்கத்து வாதம். கலாத்தியரில் உறுதியான நிலம் 3:16-உம் 3:29-உம்: சந்ததி ஒருவர், கிறிஸ்து, அவருடையவர்கள் ஆபிரகாமின் சந்ததியார், வாக்குத்தத்தத்தின்படியே சுதந்தரர்.

---

ஒலிவவேர் எழுதியது:

ஒலிவ மரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. வகுப்பில் இது கேட்கப்படாமல் இராது.

வழக்கமான ஒட்டுக்கட்டல் எப்படி? வேரும் அடிமரமும் காட்டுச்செடி. நல்ல ஜாதியின் குச்சியை அதில் ஒட்டுவார்கள். கனி, ஒட்டிய குச்சியின் ஜாதிப்படி வரும். பவுல் தலைகீழாகச் சொல்கிறார்: நல்ல ஒலிவ மரத்தில் காட்டொலிவக் கிளை. நகரத்துக்காரர் பவுலுக்குத் தோட்டவேலை தெரியவில்லை என்று சில விளக்கவுரைகள் நகைக்கும். அது அவசர முடிவு. பவுலின் காலத்தவரான ரோம விவசாய எழுத்தாளர் கொலுமெல்லா, நன்றாக வளர்ந்தும் காய்க்காத ஒலிவ மரத்துக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்: மரத்தைத் துளைக்கருவியால் துளைத்து, அதில் காட்டொலிவத்தின் பச்சைக் குச்சியை இறுக்கமாக அறைய வேண்டும், மரம் காய்ப்புக்கு வரும். ஆக, அந்தக் காலத்தில் கேள்விப்படாத காரியம் இல்லை.

ஆனால் கொலுமெல்லாவையும் அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. அவர் கணக்கில் காட்டுக்குச்சி மரத்துக்கு உயிர் கொடுக்கிறது. பவுல் கணக்கில் காட்டுக்கிளைதான் வேரின் சாரத்தைக் குடிக்கிறது. "சுபாவத்திற்கு விரோதமாய்" என்று 11:24-ல் அவரே சொல்லிவிடுகிறார். முறிந்து விழுந்த கிளையை மறுபடி ஒட்டுவதை எந்தத் தோட்டக்காரனும் செய்யமாட்டான், அது காய்ந்திருக்கும். 11:23 "தேவன் வல்லவராயிருக்கிறாரே" என்று சொல்வது அதற்காகத்தான்.

பவுல் யாரைப் பார்த்து இதைச் சொல்கிறார் என்பதும் முக்கியம். கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியை விட்டுப் போகச் சொன்னான் (அப்போஸ்தலர் 18:2), 49 வாக்கில். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கொரிந்துவுக்கு வந்தது அதனால். ரோமர் எழுதப்பட்ட 57 வாக்கில் அவர்கள் திரும்பிவிட்டார்கள் (16:3). இடைப்பட்ட காலத்தில் ரோமாபுரிச் சபை பெரும்பாலும் புறஜாதியார் கையில் இருந்திருக்கும். திரும்பி வரும் யூத விசுவாசிகளைப் பார்த்து "இது இப்போது எங்கள் சபை" என்ற மிதப்பு வருவதற்கு எல்லா வசதியும் இருந்தது. "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறது" என்ற 11:18 அந்த மிதப்பின் தலையில் வைத்த குட்டு.

---

திருவழிபாடு எழுதியது:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சில தகவல்கள். உங்கள் வகுப்புக்கு வரலாறும் வேண்டுமே.

அந்தக் குட்டைத் திருஅவை வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. 160 வாக்கில் திருஅவையின் தொடக்ககால எழுத்தாளர் யுஸ்தின், "உண்மையான ஆவிக்குரிய இஸ்ரயேல் நாங்களே" என்று எழுதுகிறார். 386–387-ல் அந்தியோக்கியாவில் புகழ்பெற்ற மறையுரையாளர் கிறிசோஸ்தோம் ஆற்றிய மறையுரைகள், யூதத் திருவிழாக்களுக்குப் போய்வந்த கிறிஸ்தவர்களைத் தடுக்கவென்று தொடங்கியவை. யூதர்மேல் அவர் பொழிந்த வசை பின்னால் பல நூற்றாண்டுகளுக்குப் பயன்பட்டது. 1215-ல் நான்காம் இலாத்தரன் சங்கம் யூதர் உடையால் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று 68ஆம் விதியில் கட்டளையிட்டது. புராட்டஸ்டண்ட் நண்பர்கள் 1543-இல் யூதருக்கு எதிராக எழுதிய லூத்தரை மறக்க வேண்டாம்.

திருப்பம் வந்தது 1965 அக்டோபர் 28-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'நோஸ்த்ரா எத்தாத்தே' என்ற ஆவணத்தின் 4ஆம் பிரிவில். யூதரைக் கடவுளால் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக் கூடாது என்று சொன்னதும், ஒலிவ மரத்தை எடுத்து எழுதியதும் அங்கேதான். 1980 நவம்பர் 17-இல் மைன்ஸ் நகரில் யூதரிடையே பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கடவுளால் ஒருபோதும் திரும்பப் பெறப்படாத பழைய உடன்படிக்கை என்றார். கடவுளின் அருள்கொடைகளும் அழைப்பும் திரும்பப் பெறப்படுவதில்லை என்ற உரோமையர் 11:29-தான் அடிப்படை. 2015 டிசம்பரில் வத்திக்கான் ஆணையம் ஒன்று வெளியிட்ட ஆவணம் அந்த வசனத்தையே தலைப்பாக்கியது. மீட்புக்கு இரண்டு தனித்தனிப் பாதைகள் இல்லை என்று அது சொல்கிறது. யூதரை நோக்கி நிறுவனரீதியான மறைபரப்புப் பணியைக் கத்தோலிக்கத் திருஅவை நடத்துவதில்லை என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது சுலபமில்லை. ஆவணம் அதை மறைக்கவுமில்லை.

---

ஏழாம் எக்காளம் எழுதியது:

சகோதரி, யூதருக்கு மறைபரப்புப் பணி இல்லை என்ற அந்த இரண்டாவது வரி ரோமர் 10-ஓடு இடிக்கிறதே. "இஸ்ரவேலர் இரட்சிக்கப்படவேண்டுமென்பதே என் விருப்பம்" என்கிறார் பவுல் (10:1). பிரசங்கிக்கிறவன் இல்லாமல் எப்படிக் கேட்பார்கள் என்ற 10:14 அவர்களையும் சேர்த்துத்தானே?

---

திருவழிபாடு எழுதியது:

தனியாள் சாட்சி சொல்வதை ஆவணம் தடுக்கவில்லை. தாழ்மையோடும் ஷோவாவின் (நாசிகள் நடத்திய யூத இனப்படுகொலையின்) நினைவோடும் சொல்லுங்கள் என்கிறது. நிறுவனம் அமைத்து ஆள்பிடிப்பதைத்தான் விலக்குகிறது. இடிக்கிறது என்ற உங்கள் உணர்வு புரிகிறது. எங்களுக்குள்ளேயே அந்த விவாதம் உண்டு.

---

பெரோயா வாசகன் எழுதியது:

"இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்" என்ற 11:26-க்கு வருவோம். மூன்று வாசிப்புகள் உண்டு. கால்வின், "இஸ்ரவேலரெல்லாரும்" என்பது யூதரும் புறஜாதியாருமான தேவஜனம் முழுவதும் என்றார்; நம் காலத்தில் என்.டி. ரைட்டும் அந்தப் பக்கம். இரண்டாவது, ஒவ்வொரு தலைமுறையிலும் விசுவாசிக்கும் யூத மீதியானவர்களின் மொத்தத் தொகை. மூன்றாவது, முடிவில் யூத ஜனம் பெருவாரியாகக் கிறிஸ்துவிடம் திரும்பும். ஜான் மர்ரே, கிரான்ஃபீல்டு, டக்ளஸ் மூ ஆகியோர் இப்படி எடுத்தார்கள். மர்ரே சீர்திருத்த மரபுக்காரர் என்பதை எக்காளம் பிரதர் கவனிக்க.

எனக்கு மூன்றாவதே சரி என்று படுகிறது. 25-ஆம் வசனத்தில் ஒரு பங்குக்குக் கடின மனதுண்டான இஸ்ரவேல் யூத ஜனம். 28-ஆம் வசனத்தில் சுவிசேஷத்தைக் குறித்துப் பகைஞர், பிதாக்களினிமித்தம் அன்புகூரப்பட்டவர்கள் என்பதும் யூத ஜனம். நடுவில் 26-இல் மட்டும் பொருள் மாறி மறுபடி பழையதற்கே வந்துவிட்டது என்பது ஒட்டவில்லை. இரண்டாவது வாசிப்பிலும் ஒரு சங்கடம்: மீதியானவர்கள் இரட்சிக்கப்படுவது 11:5-லேயே சொல்லியாயிற்று, அதை 11:25-ல் இரகசியம் என்று அறிவிக்க என்ன இருக்கிறது?

"எல்லாரும்" என்றதும் தலைக்குத் தலை எண்ணாதீர்கள். 1 இராஜாக்கள் 12:1-ல் "இஸ்ரவேலர் எல்லாரும்" சீகேமுக்கு வந்தார்கள். குழந்தை குட்டி ஒன்றுவிடாமலா வந்தது? யூத ரபீக்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் சன்ஹெட்ரின் என்ற பகுதி 10:1, இஸ்ரவேல் முழுவதற்கும் வரும் உலகத்தில் பங்கு உண்டு என்று தொடங்கும். அடுத்த மூச்சிலேயே பங்கில்லாதவர்களின் பட்டியலைப் போடும். யூதப் பேச்சுவழக்கில் அது முரண்பாடே இல்லை.

நான்காவதாக ஒன்றும் சொல்வார்கள்: யூதருக்குத் தோரா (மோசேயின் நியாயப்பிரமாணம்) வழி, புறஜாதியாருக்குக் கிறிஸ்து வழி. 9:3-இல் பவுலுக்கு இருக்கும் மனவேதனையை அந்த வாசிப்பு விளக்க முடியாது. யூதர் எப்படியும் கரையேறிவிடுவார்கள் என்றால் தான் சபிக்கப்பட்டவனாகலாம் என்று அவர் ஏன் சொல்ல வேண்டும்?

---

சீகேம் எழுதியது:

தேசம்? அதைத்தான் எல்லோரும் சுற்றி வளைத்துப் போகிறீர்கள்.

---

ஒலிவவேர் எழுதியது:

சரி. ஆதியாகமம் 17:8 "நித்திய சுதந்தரம்" என்கிறது. யோசுவா 21:43-45 கர்த்தர் சொன்னதில் ஒரு வார்த்தையும் தவறவில்லை, எல்லாம் நிறைவேறிற்று என்கிறது. பவுல் ரோமர் 4:13-ல் ஆபிரகாம் "உலகத்தைச் சுதந்தரிப்பான்" என்று விரிக்கிறார். எபிரெயர் 11:10, 16 பிதாக்கள் எதிர்பார்த்தது தேவன் கட்டும் நகரத்தை என்கிறது. சங்கீதம் 37:11 "பூமியைச் சுதந்தரிப்பார்கள்" என்பதை இயேசு சாந்தகுணமுள்ளவர்களுக்குக் கொடுக்கிறார். கானான் முழு வாக்குத்தத்தத்தின் முன்பணம் என்பது என் வாசிப்பு.

---

ஏழாம் எக்காளம் எழுதியது:

முன்பணம் கொடுத்தவர் பாக்கியைக் கொடுக்கும்போது முன்பணத்தைத் திருப்பி வாங்குவதில்லையே! யோசுவாவில் எல்லாம் முடிந்தது என்றால் அதற்கு வெகுகாலம் பிந்திய ஆமோஸ் 9:15, "இனிப் பிடுங்கப்படுவதில்லை" என்று ஏன் வருங்காலத்தில் பேசுகிறது? சாலொமோன் ஐபிராத்து நதிவரை ஆண்டான் என்று 1 இராஜாக்கள் 4:21-ஐக் காட்டுவார்கள். அது கப்பம் கட்டிய ராஜ்யங்கள். இஸ்ரவேலர் குடியேறிய நிலம் அல்ல. எசேக்கியேல் 36-ல் வரிசையைப் பாருங்கள்: 24-இல் தேசத்துக்குக் கூட்டிவருகிறார், 25-இல்தான் சுத்தமான ஜலம் தெளிக்கிறார். அவிசுவாசத்தோடே திரும்பி வருவது வேதத்துக்கு அந்நியமில்லை.

---

பெரோயா வாசகன் எழுதியது:

உபாகமம் 30:1-5-ல் வரிசை வேறு: முதலில் மனந்திரும்புதல், பிறகு சேர்த்துக்கொள்ளுதல். இரண்டையும் பலகையில் பக்கம் பக்கமாக எழுதிப் போடுங்கள். ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் காட்டுவதுதான் இரண்டு பக்கத்துப் பிரசங்கியார்களும் செய்வது.

இன்னொன்று. தேசவாக்கு நிற்கிறது என்று ஏற்றுக்கொண்டாலும் 1948-இல் உருவான அரசின் ஒவ்வொரு செயலுக்கும் அது முத்திரை குத்திய அனுமதி ஆகாது. லேவியராகமம் 25:23: தேசம் என்னுடையது, நீங்கள் பரதேசிகளும் புறக்குடிகளும். லேவியராகமம் 18:28: தீட்டுப்படுத்தினால் தேசம் உங்களையும் கக்கிப்போடும். குடியிருக்கும் உரிமைக்கு இப்படிப்பட்ட நிபந்தனைகளை வைத்தவர் வாக்கைக் கொடுத்தவரே. இதைச் சொல்லாமல், "உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்" என்ற ஆதியாகமம் 12:3-ஐ மட்டும் போஸ்டரில் அச்சடித்து "இஸ்ரவேலை ஆசீர்வதித்தால் உங்கள் வியாபாரம் பெருகும்" என்று காணிக்கை எடுப்பது வாக்குத்தத்தத்தைச் சீட்டுக் கம்பெனி ஆக்குவது. கலாத்தியர் 3:8 அந்த வசனத்தின் பின்பாதியை எடுத்து, சகல ஜாதிகளுக்கும் முன்னறிவிக்கப்பட்ட சுவிசேஷம் என்கிறது.

அந்த மண்ணிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். 2006-இல் எருசலேமின் இலத்தீன், சிரிய ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லுத்தரன் தலைவர்கள் சேர்ந்து கிறிஸ்தவ சீயோனியத்தை (இன்றைய இஸ்ரேல் அரசை வேத வாக்கின் பேரில் ஆதரிக்கும் கிறிஸ்தவப் போக்கை) மறுத்து அறிக்கை விட்டார்கள். 2009 டிசம்பரில் பாலஸ்தீனக் கிறிஸ்தவர்களின் கைரோஸ் ஆவணம் வந்தது. அவற்றோடு முழுக்க உடன்பட வேண்டியதில்லை. சங்கீதம் 122:6 படி எருசலேமின் சமாதானத்துக்கு வேண்டிக்கொள்ளும்போது அங்கே உள்ள சபையை விட்டுவிட்டு வேண்டிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

---

ஞாயிறுவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு வாரத்தை இப்படிப் பிரிக்கலாமா? 1: ரோமர் 9. 2: ரோமர் 10. 3: ரோமர் 11. 4: தேசமும் இன்றைய நிலையும். நான்காம் வாரத்துக்கு வரைபடம் ஒன்று தொங்கவிடலாம் என்று நினைக்கிறேன்.

---

பெரோயா வாசகன் எழுதியது:

மாற்றுங்கள். முதல் வாரம் ஆதியாகமம் 15, 17, எரேமியா 31 மட்டும். இந்த மூன்றும் தெரியாமல் ரோமருக்குள் போனால் பவுல் எடுக்கும் மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் பாடத்தை நிறுத்த வேண்டிவரும். இரண்டாம் வாரம் ரோமர் 9:1–10:21 ஒரே மூச்சில். இஸ்ரவேல் வம்சத்தார் எல்லாரும் இஸ்ரவேலரல்ல என்ற 9:6-ஐயும், கீழ்ப்படியாத ஜனத்துக்கு நாள்முழுதும் கைகளை நீட்டினேன் என்ற 10:21-ஐயும் சேர்த்து வாசிக்காமல் விட்டால் வகுப்பு முன்குறித்தல் (யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானித்தாரா என்ற) சண்டையாக மாறிவிடும், இஸ்ரவேல் என்ற பேச்சே காணாமல் போகும். மூன்றாம் வாரம் 11:1-24, நான்காம் வாரம் 11:25-36-ஓடு தேசம். செய்தித்தாளை முதல் வாரம் கொண்டுவர விடாதீர்கள்.

---

ஏழாம் எக்காளம் எழுதியது:

வரைபடம் ஒன்று போதாது, மூன்று வேண்டும். ஆதியாகமம் 15:18 எகிப்தின் நதி முதல் ஐபிராத்து வரை. எண்ணாகமம் 34-ல் கிழக்கு எல்லை யோர்தானும் உப்புக்கடலும். ரூபனும் காத்தும் மனாசேயின் பாதிக் கோத்திரமும் அதற்கு வெளியே போய்விடும். எசேக்கியேல் 47-லும் யோர்தான்தான் கிழக்கு எல்லை, ஆனால் 48-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு கோத்திரத்துக்கும் பங்கு அதற்குள்ளேயே வந்துவிடும். ஒரே படமாக வரைந்தால் யாராவது அதுதான் வேதம் சொல்லும் எல்லை என்று புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள்.

---

ஒலிவவேர் எழுதியது:

மூன்றாவது படத்தின் கீழே எசேக்கியேல் 47:22-ஐயும் எழுதிவிடுங்கள் பிரதர். உங்கள் நடுவில் தங்கிப் பிள்ளைகளைப் பெறும் அந்நியர்களுக்கும் இஸ்ரவேல் கோத்திரங்களின் நடுவே சுதந்தர வீதம் உண்டு, சீட்டுப்போட்டுப் பங்கிடுங்கள் என்று அங்கே இருக்கிறது.

---

ஏழாம் எக்காளம் எழுதியது:

எழுதலாம். 23-ஆம் வசனத்தையும் சேர்த்து எழுதுங்கள்: எந்தக் கோத்திரத்தில் தங்குகிறானோ அந்தக் கோத்திரத்திலேயே பங்கு.